கைக்கணினிக்கு விண்டோஸா, லினக்ஸா?

சித்தூர் வட்டாரத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளத்தில்தான் ஐ.டி. பாடமே நடக்கிறது. அதே பிள்ளைகள் கையடக்க கேமிங் கணினி கேட்கும்போதுதான் பெற்றோருக்குக் குழப்பம்.

பள்ளியில் இருக்கும் லினக்ஸும் கேமிங் கணினியில் வரும் ஸ்டீம் ஓஎஸ்ஸும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு கிளை. வால்வ் நிறுவனம் 2022-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டீம் டெக்' கருவியின் ஸ்டீம் ஓஎஸ், ஆர்ச் லினக்ஸில் இருந்து கிளைத்தது. திறந்ததும் விளையாட்டுப் பட்டியல் வரும். டெஸ்க்டாப்புக்கு மாறினால் சாதாரணக் கணினிதான்.

விண்டோஸ் விளையாட்டு இதில் எப்படி ஓடும்?

வில்லேஜ் ஆபீஸில் மலையாளப் படிவத்தை நமக்குத் தமிழில் சொல்லித் தருபவரைப் போல, 'புரோட்டான்' என்ற மென்பொருள் நடுவில் நிற்கிறது. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. 2018 முதல் புழக்கத்தில் உள்ளது.

எல்லா விளையாட்டும் ஓடுமா?

ஓடாது. தனியாக விளையாடுபவை பெரும்பாலும் ஓடும். சிக்கல் இணையப் போட்டிகளில்தான். ஏமாற்று வேலையைப் பிடிக்கும் காவல் மென்பொருள் லினக்ஸை ஏற்காததால் வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஓடுவதில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024-ல் லினக்ஸுக்குக் கதவடைத்தது.

அப்போது விண்டோஸே மேல் அல்லவா?

விண்டோஸில் ஓடும் அசூஸின் 'ராக் அலை' போன்ற கருவிகளில் அந்தத் தடை இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் சந்தாச் சேவையான கேம் பாஸ் தரும் விளையாட்டுகளையும் நேரடியாக இறக்கி ஆடலாம். ஆனால் விண்டோஸ், விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் பிறந்தது. சிறிய திரையில் விரலால் தட்டுவது அலுப்பு. பாதியில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வதில் ஸ்டீம் ஓஎஸ் கெட்டி. லெனோவோவின் 'லீஜன் கோ எஸ்' 2025-ல் இரண்டு இயங்குதளங்களிலும் வந்தது.

வாங்கியபின் மாற்றலாமா?

மாற்றலாம். ஏஎம்டி சிப் உள்ள கருவிகளில் எளிது. ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பஸைட்' இயங்குதளம் இலவசம். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடலாம்; விண்டோஸை மீட்கும் பென்டிரைவை முதலிலேயே தயாரித்து வையுங்கள்.

கடைக்குப் போகும்முன் என்ன செய்வது?

பிள்ளை அன்றாடம் ஆடும் விளையாட்டுகளின் பெயரை எழுதி வாங்குங்கள். ஒவ்வொன்றும் லினக்ஸில் ஓடுமா என்பதைப் 'புரோட்டான்டிபி' தளத்தில் பாருங்கள். விட முடியாத விளையாட்டு ஒன்று ஓடாது என்று தெரிந்தால் விண்டோஸ் வாங்குங்கள். எல்லாம் ஓடுமென்றால் ஸ்டீம் ஓஎஸ் போதும்; அதைப் பழக்கிவிடப் பிள்ளையே இருக்கிறது.