பணம் நடுவில் மாட்டிக்கொள்ளுமா? மிடில்வேர் ஓர் அறிமுகம்

சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் எங்களுக்கு ஒரு சிறிய மரச்சிற்பக் கடை இருக்கிறது. நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, ஆத்தூர்க்காரர் ஒருவர் 3,000 ரூபாய்க்குப் பிள்ளையார் சிலை வாங்கி, யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பினார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. அப்பாவின் கணக்கில் வரவில்லை.

"ஏன் கண்ணு, பணம் நடுவுல எங்கயாச்சும் மாட்டிக்கிச்சா?" என்றார் அப்பா.

மாட்டவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

மிடில்வேர் என்றால் என்ன?

தனித்தனி வேலைகளைச் செய்யும் சாப்ட்வேர்களை இணைத்து ஒரே அமைப்பாக இயங்க வைப்பதை 'சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர்' என்கிறோம். அவற்றுக்கு நடுவே நின்று தகவல்களைக் கொண்டு சேர்ப்பது மிடில்வேர். 100 வங்கிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச 4,950 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஓர் அமைப்பு இருந்தால் 100 இணைப்புகள் போதும். 2016-ல் அறிமுகமான யு.பி.ஐ.யில் அந்த இடத்தில் இருப்பது என்.பி.சி.ஐ.யின் கம்ப்யூட்டர் அமைப்பு.

எது நடுவில் இருக்க வேண்டும்?

யு.பி.ஐ. முகவரி எந்த வங்கிக்கு உரியது என்று அறிவது, எல்லா வங்கிகளுக்கும் பொதுவான வடிவில் தகவலை அனுப்புவது, பதில் வராவிட்டால் அடுத்து என்ன என்று பார்ப்பது ஆகியவை நடுவில் நடக்கின்றன. கணக்கில் பணம் இருக்கிறதா, பின் எண் சரியா என்று முடிவு செய்வது உங்கள் வங்கிதான். இருப்புத் தொகையும் அங்கேயே இருக்கிறது. நடுவில் போய் வருவது தகவல் மட்டுமே. எங்கள் விஷயத்தில் 'கழி' என்ற தகவல் நிறைவேறியது. 'வரவு வை' என்பது நிறைவேறவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பாகுபாடு எனக்குப் புரியவில்லை. ஒரு கடைக்கான தீபாவளித் தள்ளுபடி விதியை, சுலபமாக இருக்கிறதே என்று மிடில்வேரில் எழுதிவிட்டேன். அதே வழியாக வந்த மற்றக் கடைகளின் பில்களிலும் தள்ளுபடி விழுந்தது! அன்றிலிருந்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த விதி மாறினால் யார் பாதிக்கப்படுவார்கள்? எல்லோரும் என்றால் அது நடுவில் இருக்கலாம். ஒருவர் மட்டும் என்றால் அது அவருடைய சாப்ட்வேரிலேயே இருக்கட்டும்.

உங்களுக்கு இப்படி நடந்தால்?

அவசரப்பட்டு மறுபடி பணம் அனுப்பாதீர்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவின்படி, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகர்களுக்குச் செலுத்தியது என்றால் 5 நாள். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

அப்பா சிலையைக் கொடுத்தே அனுப்பினார். மறுநாள் காலை ஆத்தூரிலிருந்து போன் வந்தது. பணம் அவர் கணக்குக்கே திரும்பியிருந்தது. பேசி முடித்த கையோடு அவர் மீண்டும் அனுப்பினார். இம்முறை அப்பாவின் போனில் உடனே மணி அடித்தது.