பொட்டைக் குட்டிக்கு என்ன பெயர் வைப்பது?

தோட்டத்தில் நாய் குட்டி போட்டால் கடுவன் குட்டிக்கு உடனே ஆள் வந்துவிடும். கண் திறக்கும் முன்பே டைகர், ஜிம்மி என்று பெயரும் விழுந்துவிடும். பொட்டைக் குட்டியை யாரும் கேட்பதில்லை. "அது வருசத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும், யாரு பார்க்கிறது?" என்று சொல்லி, சாக்கில் போட்டு ரோட்டோரத்திலோ தேயிலைக்குள்ளேயோ விட்டுவிடுவார்கள். பிழைத்த குட்டி லயத்துப் பக்கம் திரும்பி வந்து, பெயர் இல்லாமல், "ச்சீ, போ" என்ற சொல்லைக் கேட்டே வளரும். அதற்கு யாரும் ஊசி போடுவதில்லை. பிறகு அது போடும் குட்டிகளுக்கும் ஊசி இல்லை.

இதில் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பிள்ளையை நாய் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான்: யார் வீட்டு நாய்? ஊசி போட்ட நாயா? இப்போது உயிரோடு இருக்கிறதா? வீட்டு நாய் என்றால் கட்டி வைத்து 14 நாள் பார்க்கலாம், அட்டையைக் காட்டலாம். பெயரில்லாத நாய் என்றால் இந்தக் கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை. நீர்வெறுப்பு நோய் கண்டுவிட்டால் அதற்கு மருந்தும் இல்லை. கடித்த உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஊசிக்குப் போனால்தான் தப்பலாம். 1970களின் தொடக்கத்தில் இந்த நோயால் நம் நாட்டில் வருடத்துக்கு 300 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தத் தொகை இன்று பெருமளவு குறைந்திருக்கிறது என்றால், நாய்களுக்கு ஊசி போட்டது அதற்கு ஒரு பெரிய காரணம். 2006க்கு முன் ஆளில்லாத நாயைப் பிடித்துக் கொல்வதே வழக்கம். அந்த வருடம் அதை நிறுத்தி, ஊசியும் கருத்தடையும்தான் வழி என்று அரசாங்கம் தீர்மானித்தது.

ஆகவே பெயர் வைப்பது விளையாட்டு வேலை அல்ல. பெயர் வைத்த நாய்க்கு ஒரு வீடு உண்டு, சொந்தக்காரர் உண்டு. சரி, என்ன பெயர் வைப்பது?

சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு அசை போதும். மேட்டு லயத்தில் நின்று கூப்பிட்டால் பணியத் தேயிலைக்குள் நிற்கிற நாய்க்குக் கேட்க வேண்டுமே! "ராஜராஜேஸ்வரி" என்று வைத்தால் கூப்பிட்டு முடிப்பதற்குள் அது அடுத்த டிவிசனுக்குப் போய்விடும். சிட்டு, பொட்டு, புள்ளி, மின்னி, சுட்டி போன்றவை வாய்க்கும் லேசு, நாயின் காதுக்கும் லேசு.

நாம் அன்றாடம் சொல்லும் ஏவல் சொல்லைப் போலவும் இருக்கக்கூடாது. "வாணி" என்று வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் "வா" என்றால் குட்டி குழம்பும். "போனி" என்றால் "போ" என்பதோடு முட்டும். பக்கத்து வீட்டிலும் ஜிம்மி, நம் வீட்டிலும் ஜிம்மி என்றால் ஒரு தட்டுச் சோற்றுக்கு நாலு நாய் வந்து நிற்கும்.

அடுத்தது மனிதர் பெயர். இதில் லயத்து ஆட்களாகிய நாம் மற்றவர்களை விடக் கவனமாக இருக்க வேண்டும். காம்பராக்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் "ராணி, நாயே, வெளியே போ!" என்று கத்தினால் அந்தப் பக்கம் ராணி என்று ஒரு அக்கா இருப்பார். சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம். "கருப்பி" அழகான பழைய பெயர். 2018ல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் தண்டவாளத்தில் செத்துப்போகும் அந்தக் கருப்பியை நினைத்தால் இன்னமும் மனசு கனக்கும். ஆனாலும் நிறத்தைச் சொல்லி நம் பெண் பிள்ளைகளைக் கேலி பண்ணுகிற பழக்கம் இருக்கும் வரை அந்தப் பெயரை யோசித்தே வைக்கச் சொல்வோம்.

சிங்களச் சொற்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். "மல்லி" நமக்குப் பூ. பதுளை டவுனில் நாயைப் பார்த்து "மல்லி, இங்கே வா" என்றால் யாராவது ஒரு தம்பி திரும்பிப் பார்ப்பார், சிங்களத்தில் அது தம்பி! தெமோதரை ஸ்டேசன் வழியாக ஓடிய உடரட்ட மெனிக்கே ரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குட்டியை "மெனிக்கே" என்று கூப்பிட ஆசை வரலாம். மலைநாட்டுச் சிங்களப் பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல் அது. நாய்க்கு வேண்டாம்.

பொட்டை நாய்க்குப் பெரிய பெயர் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 1957 நவம்பர் 3ஆம் திகதி ரஷ்யர்கள் விண்வெளிக்கு அனுப்பிய லைக்கா, மொஸ்கோ தெருவில் திரிந்த பொட்டை நாய்தான். 'குரைக்கிறவள்' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். பாவம், திரும்பி வரவில்லை. நம் தமிழிலும் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. செத்த வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே சொல்கிறது.

பெயரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒன்றாகத் தீர்மானியுங்கள். அப்பா ஒன்று, பிள்ளைகள் ஒன்று என்று கூப்பிட்டால் குட்டி எதற்கும் திரும்பாது. சோறு வைக்கும்போதும் தடவிக் கொடுக்கும்போதும் பெயரைச் சொல்லுங்கள். சில நாளிலேயே பழகிவிடும். ஏசும்போது மட்டும் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் பிறகு கூப்பிடும்போது வராது, கட்டிலுக்கு அடியில்தான் போகும்.

குட்டி போடுமே என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. பொட்டைக்கு ஆறு மாத அளவிலேயே பருவம் வரலாம், சினையானால் இரண்டு மாதத்தில் குட்டி. அதற்கு முன்பே மிருக வைத்தியரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள். ஊசி முகாம் எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ விசாரித்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். பிறகு வருடம் ஒரு தடவை. அட்டையில் நாயின் பெயர் என்று ஒரு இடம் இருந்தால் அங்கே "நாய்" என்று எழுத விடாதீர்கள். சிட்டு என்றால் சிட்டு என்றே எழுதச் சொல்லுங்கள்.