தீ எச்சரிக்கை அமைப்பு: பராமரிப்பும் பொருளும்

கோலாலம்பூர்த் தமிழர் நாள்தோறும் சொல்லும் பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பெயருக்குப் பின்னே ஒரு தீயின் வரலாறு உண்டு. 1881ஆம் ஆண்டு சனவரியில், மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைந்திருந்த நகரின் பெரும்பகுதி எரிந்தது. பின்னர் ஸ்வெட்டன்ஹாம் காலத்தில், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழவேண்டும் என்னும் நெறி வகுக்கப்பட்டது. செங்கல் சூளைகள் பெருகிய நிலப்பகுதி அத்தொழிலையே பெயராகக் கொண்டது.

செங்கல் எளிதில் எரியாது; செங்கற்சுவருக்குள் நாம் வைத்திருப்பவை எரியும். அவற்றின் புகையே பெரும்பாலும் முதலில் உயிர் கொள்வது. உறங்குபவரை மோப்ப உணர்வு எழுப்பும் என நம்புதற்கில்லை. ஆதலின் நமக்காக விழித்திருக்கும் கருவி தேவையாயிற்று. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதனை எவ்வாறு சோதிக்கவேண்டும் என்பவற்றை மொழியியல் நோக்கோடு ஈண்டுக் காண்போம்.

உறுப்புகள்

தீ எச்சரிக்கை அமைப்பில் அறியும் உறுப்பு, முடிவு செய்யும் உறுப்பு, அறிவிக்கும் உறுப்பு என மூன்று உண்டு. அறிவன உணரிகள். ஒளிவகைப் புகை உணரிக்குள் சிறிய ஒளிக்கற்றை ஒன்று செல்லும், புகைத்துகள் உள்ளே புகுந்தால் ஒளி சிதறும், அச்சிதறலே குறிப்பு. வெப்ப உணரி, வெப்பநிலை குறித்த அளவை எட்டும்போதோ விரைந்து ஏறும்போதோ இயங்கும். மனிதர் தாமே செய்தி தர, வழியோரம் சிவப்புப் பெட்டி இருக்கும். அதன்மேல் மலாயில் 'பெச்சாக்கான் காச்சா', அதாவது 'கண்ணாடியை உடைக்கவும்', என எழுதியிருப்பதைக் காணலாம். இச்செய்திகள் கட்டுப்பாட்டுப் பலகையை அடைய, அது மணியை ஒலிக்கச் செய்யும். சில பெரிய கட்டடங்களில் செய்தி தீயணைப்பு நிலையத்திற்கும் செல்லும். அந்நிலையத்தை நாம் 'பொம்பா' என்கிறோம். நீரிறைக்கும் கருவியைக் குறித்த போர்த்துகீசியச் சொல் மலாய் வழியாக நம் பேச்சில் புகுந்தது.

குறியும் பொருளும்

ஒலிக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் இடையேயான தொடர்பு இயற்கையானதன்று. மாந்தர் வழக்கத்தால் நிலைபெறுவது. மணியொலிக்கும் தீக்கும் உள்ள தொடர்பும் அத்தகையதே. சாம்பிராணி இடும் பூசை அறையிலும் தாளிக்கும் சமையற்கட்டிலும் புகை உணரியைப் பொருத்தினால், தீயின்றியே மணி பன்முறை ஒலிக்கும். சில திங்களில் 'மணி அடித்தால் தீ' என்னும் பொருள் 'மணி அடித்தால் ஒன்றுமில்லை' என மாறிவிடும். பின்னர் எவரேனும் அதன் ஒலியைத் துண்டித்தும் விடுவர். இதற்குத் தீர்வு அவ்விடத்திற்கேற்ற வெப்ப உணரியை வைப்பதும், தூசி படிந்த உணரியைத் தூய்மை செய்வதுமே.

பலகையில் ஒளிரும் விளக்குகளும் வெவ்வேறு செய்தி கூறும். சிவப்பு 'தீ' என்கிறது. மஞ்சள் 'பழுது' என்கிறது. அஃதாவது, 'இனி நான் சொல்லாமற் போகலாம்' என்று முன்கூட்டியே சொல்கிறது. மாதக்கணக்கில் மஞ்சள் விளக்கு எரியும் பலகையை எவரும் பொருட்படுத்தாமை பெருங்கேடு.

சோதனை முறை

நம் நாட்டுப் பொறியாளர் நன்கறிந்த பிரிட்டிஷ் தரநெறி 5839 கூறுவன இவை. வாரம் ஒருமுறை ஒரு சிவப்புப் பெட்டியை அதற்குரிய சாவியால் இயக்கி மணி ஒலிக்கிறதா எனக் காணவேண்டும். அடுத்த வாரம் வேறொரு பெட்டி. ஆறு மாதத்திற்கு மிகாத இடைவெளியில் தகுதி பெற்றவர் அமைப்பைப் பேணவேண்டும். ஓராண்டுக்குள் ஒவ்வோர் உணரியும் சோதிக்கப்படல் வேண்டும். இதற்கெனவே அமைந்த சோதனைப் புகையைக் கோல்நுனிக் கிண்ணத்தின் வழியே செலுத்துவர். தீக்குச்சி கொளுத்துவது முறையன்று. பொதுவாக மின்சாரம் நின்றபின் மின்கலம் 24 மணி நேரம் அமைப்பைத் தாங்கி, அதன் பின்னும் அரைமணி நேரம் மணியை ஒலிக்கச் செய்யவேண்டும். பொது இடங்களில் 65 டெசிபலும், உறங்குவோர் படுக்கையருகே 75 டெசிபலும் ஒலியளவு வேண்டும். தீயணைப்பு நிலையத்தோடு இணைப்புள்ள கட்டடமாயின், சோதனைக்கு முன் அந்நிலையத்திற்குத் தெரிவித்தல் கடமை.

பதிவேட்டின் வினைமுற்று

சோதனைக்குப் பின் பதிவேட்டில் எழுதவேண்டும். 'மணி சரிபார்க்கப்பட்டது' என்பது இலக்கணப் பிழையற்ற தொடர். ஆயினும் பயனற்ற பதிவு. செயப்பாட்டுவினை இங்கே வினைமுதலை மறைத்துவிட்டது. எந்த மணி? எவர் பார்த்தார்? எப்போது? 'இரண்டாம் மாடிப் படிக்கட்டருகே உள்ள பெட்டியைத் திங்கள் காலை பத்து மணிக்கு நான் இயக்கினேன். கீழ்மாடி மணி ஒலிக்கவில்லை' என்னும் செய்வினைத் தொடரில் வினைமுதல், இடம், காலம், குறை ஆகிய நான்கும் உள. பின்வருவோர் அதனைக் கொண்டு பழுது நீக்க முடியும். செய்வினை, செயப்பாட்டுவினை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

சட்டமும் வழியும்

1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம், தீ அபாயம் என்னும் சொல்லை விரிந்த பொருளில் ஆள்கிறது. செவ்வனே இயங்காத தீப் பாதுகாப்புக் கருவி இருத்தலும் அதனுள் அடங்கும். ஊமையான மணி வெறுங்குறை மட்டுமன்று. சட்டத்தின் பார்வையில் அதுவே அபாயம். குறித்த வகைக் கட்டடங்கள் ஆண்டுதோறும் தீச்சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

மணியொலி இலக்கண நோக்கில் ஓர் ஏவல்: 'வெளியேறு' என்பதே அதன் பொருள். வாயில்மேல் ஒளிரும் 'கெலுவார்' என்னும் மலாய்ச் சொல்லும் அதையே கூறுகிறது. ஏவப்பட்டவர்க்குச் செய்ய இயலாத ஏவல் பொருளற்றது. 2017 செப்டம்பர் 14 விடியுமுன், கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் சமயப்பள்ளி விடுதி ஒன்றில் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டது. பெரும்பாலோர் சிறுவர். சன்னல்களில் இரும்புக் கம்பிகள், வாயிலருகே தீ. 2004 சூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதையும் தமிழாசிரியர் எவரும் மறக்கவியலாது. ஆதலின் மணியைச் சோதிக்கும் நாளில் படிக்கட்டையும் கதவையும் சன்னல் பூட்டையும் சேர்த்தே சோதித்தல் வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககமாயினும் கிள்ளான் பள்ளியாயினும், மாணாக்கர் தம் கட்டடத்துச் சிவப்புப் பெட்டி எங்குள்ளது, பலகையில் எந்த விளக்கு எரிகிறது, இறுதிப் பதிவு எந்நாளுக்குரியது என்னும் மூன்றையும் கண்டறிந்து தமிழில் எழுதிவரட்டும். வீட்டிலுள்ள முதியோர்க்கு அறிவிப்புப் பலகையின் மலாய்ச் சொற்களைத் தமிழில் விளக்கட்டும். 999 என்னும் எண்ணை அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லவேண்டும் என்பதையும் பழகட்டும்.