வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர்!

செல்போன் செயலி உறைந்து போவது ஏன்?

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய 3 ஆறுகளும் கூடும் ஊர் திருமுக்கூடல். காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழர் (1063–1070) காலத்துக் கல்வெட்டு உண்டு. 15 படுக்கைகளுடன் நடந்த ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி அது விவரமாகக் கூறுகிறது.

வைத்தியர் ஒருவர். அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர 2 ஆட்கள். நோயாளிகளைக் கவனிக்க 2 பெண்கள். இப்படி ஆளுக்கொரு வேலை! மூலிகை பறிக்க வைத்தியரே போய்விட்டால், படுக்கையில் கிடப்பவர் கதி என்ன?

இன்று செல்போனுக்குச் செயலி எழுதுகிறவர்கள் முன்னும் இதே கேள்விதான் நிற்கிறது.

போனுக்குள் ஒரு வாசல்

இன்டர்நெட் இல்லாமலே ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குக் கல்யாணப் படங்களை அனுப்பலாம். இதற்கான ‘வைஃபை டைரக்ட்’ வசதி, 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல் உண்டு.

படத்தை வாங்கும் போன், தனக்குள் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அதன் பெயர் ‘சாக்கெட்’. கதவு இலக்கம் போல அதற்கு ஓர் எண்ணும் உண்டு. வருகிறவரை வரவேற்க யாராவது வாசலில் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் ஆகலாம்; ஒரு மணி நேரமும் ஆகலாம். ஆள் வரும்வரை நகர முடியாது.

5 விநாடிதான் பொறுமை!

செயலிக்குள் ஒரு தலைமை வேலையாள் இருக்கிறார். திரையில் படம் காட்டுவதும், விரல் பட்டால் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. அவரையே வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும்? திரை அசையாது. தொட்டாலும் பதில் இராது. ஆண்ட்ராய்டு 5 விநாடி பொறுக்கும். பிறகு, ‘செயலி பதிலளிக்கவில்லை’ என்று அறிவித்துவிடும்.

போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கெட்டது போன் அல்ல, வேலைப் பங்கீடு!

இதனால், 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் ஒரு கண்டிப்பு வந்தது. தலைமை வேலையாள் நெட்வொர்க் வேலையில் கைவைத்தால், பிழை என்று சொல்லித் தடுத்துவிடும்.

வழி என்ன?

வாசலுக்கென்று தனி ஆளை நியமிக்க வேண்டும். வந்தவரை அவர் வரவேற்பார். படத்தை வாங்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பார். உடனே வாசலுக்குத் திரும்பிவிடுவார். அதற்குள் வேறு சிலர் வந்தால், ஆண்ட்ராய்டு அவர்களை வரிசையில் நிறுத்தி வைக்கும். ஜாவா மொழியில் அளவு எதுவும் குறிக்காவிட்டால், 50 பேர் நிற்கும் வரிசை கேட்கப்படும்.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. வாசல் ஆள் திரையைத் தொடக் கூடாது. ‘படம் வந்தது’ என்று தலைமை வேலையாளிடம் சேதி சொன்னால் போதும், அவர் காட்டுவார். வேலை முடிந்ததும் வாசலை மூட வேண்டும். மூடினால்தான் காத்திருக்கும் ஆளுக்கு விடுதலை!

செயலி எழுதப் பழகும் பிள்ளைகள், திரையை அழகுபடுத்துவதற்கு முன்பே இந்த வேலைப் பங்கீட்டைக் கற்றுக்கொள்வது நல்லது.