ஊடலும் துனியும்: இளையோர் உறவில் பேசாமையின் வேறுபாடுகள்

இளையோர் உறவுச் சிக்கல்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், ஒருவர் மற்றவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும் நிலையைப் பொதுவாக ‘மௌனம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்துச் செல்கின்றனர். அச்சொல்லுக்குள் இருவேறு செயல்கள் மறைந்துள்ளன. தம் வருத்தத்தை மற்றவர் அறியவேண்டும் என்பதற்காகப் பேசாதிருத்தல் ஒன்று. மற்றவரை இல்லாதவராகவே ஆக்கிவிடும் நோக்கில் பேசாதிருத்தல் மற்றொன்று. முன்னது தொடர்பாடலின் ஒரு வகை. பின்னது அதன் முறிவு. தமிழ் அகமரபு இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்து தனித்தனிப் பெயரிட்டுள்ளது. அப்பெயர்கள் இலக்கிய வகுப்பறைக்குள் அடங்கிவிடாமல், இன்றைய இளையோரின் உறவையும் மனநலத்தையும் ஆராயும் கருவிகளாகவும் அமையக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதிரிளம் பருவத்தின் அடிப்படைச் சிக்கல் நெருக்கத்திற்கும் தனிமைக்கும் இடைப்பட்டது என்றார் எரிக் எரிக்சன். ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் 18 முதல் 25 வரையான வயதைத் தனியொரு வளர்ச்சிக் கட்டமாக வரையறுத்தார். பெற்றோர் சார்பு தளர்ந்து, புதிய உறவுகள் இன்னும் உறுதிப்படாத காலம் அது. இக்கட்டத்தில் புறக்கணிப்பு எளிதில் காயப்படுத்தும். கிப்லிங் வில்லியம்சும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இணையவழிப் பந்தெறி விளையாட்டு ஒன்றில் பங்கேற்றனர். முகமறியாதவர் சிறிதுநேரம் பந்து எறியாது விட்டதற்கே பங்கேற்றோர் மனம் வருந்தினர். முகமறியாதவர் புறக்கணிப்பே இவ்வாறு வருத்துமாயின், நாள்தோறும் பேசிவந்த ஒருவர் திடீரென விடையளிக்காது விடுவதன் தாக்கத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனித் திருக்குறளுக்கு வருவோம். காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களாகிய புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகியவற்றின் முப்பது குறள்களும் பிணக்கைப் பற்றியனவே. ஒரு நூல் தன் முடிவுப் பகுதியைப் பிணக்கிற்கு ஒதுக்கியிருப்பது தற்செயலன்று. ஊடலை உப்பின் அளவோடு ஒப்பிட்டு, சற்றே மிகினும் கெடும் என்று அளவை வலியுறுத்தும் குறளையே பலரும் எடுத்துக்காட்டுவர். தொடர்பாடல் நோக்கில் அதனினும் கருதத்தக்கவை வேறு இரண்டு. நாம் நொந்தோம் என்று அறியும் காதலர் இல்லாதபோது நோவதால் பயன் என்ன என்று 1308ஆம் குறள் வினவுகிறது. அதாவது, ஊடலுக்கு ஒரு கேட்போர் வேண்டும். ஊடியவரை உணர்ந்து தெளிவிக்காமையை, வாடிய கொடியை வேரோடு அறுப்பதற்கு 1304ஆம் குறள் ஒப்பிடுகிறது. அதாவது, கேட்போருக்கு ஒரு கடமை உண்டு. அளவு, கேட்போர், கடமை ஆகிய இம்மூன்றும் உள்ளவரை பேசாமையும் ஒருவகைப் பேச்சே. புலவியை இளைய பிணக்காகவும் துனியை முதிர்ந்த பிணக்காகவும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். புலவிக்கும் ஊடலுக்கும் இடையிலான எல்லை உரைதோறும் சற்று நெகிழினும், துனி அவற்றின் முதிர்நிலை என்பது தெளிவு.

புலவி நுணுக்கத்தில் வரும் தும்மல் காட்சிகள் இன்றைய மாணவர்க்கு எளிதில் விளங்குபவை. தலைவன் தும்முகிறான், யாரை நினைந்து தும்மினீர் என்று தலைவி அழுகிறாள். தும்மலை அடக்கினால், நினைப்போரை மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். வாட்ஸ்அப் 2014 நவம்பரில் அறிமுகப்படுத்திய இரட்டை நீலக்குறி இன்றைய தும்மலாகிவிட்டது. குறி நீலமாயின், படித்தும் ஏன் விடையில்லை என்னும் வினா எழுகிறது. படித்தறிவிப்பை நிறுத்திவைத்தால், எதை மறைக்கிறாய் என்னும் வினா எழுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. குறளின் தலைவி தன் ஐயத்தை நேரில் கேட்டுவிடுகிறாள். அவன் விளக்கம் தர இடமிருக்கிறது. நீலக்குறியைக் கண்டு எழும் ஐயமோ பலபோது கேட்கப்படாமலே இரவெல்லாம் வளர்கிறது. நுண்குறிகளை மிகையாகப் பொருள்கொள்ளுதல் இளையோரின் புதிய நோய் என்பார் கூற்றை இக்குறள்கள் மறுக்கின்றன. நோய் பழையது, அதனைத் தணிக்கும் வாய்ப்பே இன்று குறைந்துள்ளது.

அவ்வாய்ப்புகளுள் முதன்மையானது வாயில். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் வாயில்களாகக் கூறுகிறது. வாயில் வேண்டல், வாயில் நேர்தல், வாயில் மறுத்தல் எனத் துறைகள் விரிந்தமை, பிணக்கு இருவருக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை என்பதைக் காட்டும். புறநானூற்றிலும் இதன் தடம் உண்டு. மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த பேகனிடம் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள்பொருட்டுப் பாடியவை 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள். பரிசில் பெறவந்த புலவர் மனைவியிடம் செல்க என்பதையே பரிசிலாகக் கேட்பது வாயிலின் உயர்ந்த வடிவம். இன்று நண்பர்க்கு அனுப்பப்படும் திரைப்பிடிப்பு இதற்கு ஈடாகாது. அதனைப் பெறும் நண்பர் ஒருபக்கத்துச் சொற்களை மட்டும் படித்து ஆறுதல் கூறுகிறார். மற்றவர் வாயிலுக்குச் சென்று பேசுவதில்லை.

இம்மரபை அப்படியே போற்றவும் இயலாது. மருதத்து ஊடலுக்குப் பெரும்பான்மையும் காரணம் தலைவனின் பரத்தையர் தொடர்பு. தலைவிக்கு எஞ்சிய ஒரே மறுப்புரிமையாக ஊடல் அமைய, வாயில்கள் பலரும் அவளை இணங்கச் செய்யும் பணியையே மேற்கொண்டனர். வாயில் மறுத்தல் என்னும் துறை இருப்பதனாலேயே அவள் குரல் முற்றிலும் அடங்காது நிற்கிறது. துன்புறுத்தும் உறவிலிருந்து விலகப் பேச்சை நிறுத்தும் இளம்பெண்ணின் செயலை ஊடல் என்று பெயரிட்டு, அவளைத் தெளிவிக்க முயல்வது பிழையான வாசிப்பு மட்டுமன்று, தீங்குமாகும்.

ஆகவே கல்லூரி மனநல ஆலோசகரும் களஆய்வாளரும் ‘எத்தனை நாள் பேசவில்லை?’ என்ற வினாவோடு நின்றுவிடுதல் போதாது. பேசாமையை மற்றவர் உணர்ந்தாரா, உணர்ந்தபின் என்ன செய்தார், இடையில் யாரேனும் சென்று பேசினாரா, பேசாதிருந்தவர் மீண்டும் பேச விரும்பினாரா என்னும் வினாக்களையும் வினாநிரலில் சேர்த்தல் வேண்டும். இறுதி வினாவிற்கு ‘இல்லை’ என விடை வருமாயின், அங்கு ஆராயவேண்டியது ஊடலன்று.