குற்றவாளிக்கு ஜெயில்... குழந்தைக்கு என்ன? பள்ளி, விடுதி நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்க சட்டம் தரும் வழிகள்!

பள்ளியிலோ விடுதியிலோ ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், எல்லோரும் முதலில் கேட்பது, 'அந்த ஆளைப் பிடிச்சிட்டாங்களா?' என்பதைத்தான். கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று செய்திகள் வரும். பிறகு ஊர் மறந்துவிடும்.

ஆனால், அந்தக் குழந்தையின் வீட்டில் கஷ்டம் அதன் பிறகும் தொடரும். வேறு பள்ளி தேட வேண்டும். மாதக்கணக்கில் கவுன்சலிங் தேவைப்படலாம். அம்மாவோ அப்பாவோ வேலைக்கு லீவு போட்டுவிட்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டும். இதற்கெல்லாம் யார் பொறுப்பு?

குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பது ஒரு பக்கம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைப்பது இன்னொரு பக்கம். முதலாவதுக்காகப் போராடும் பல குடும்பங்களுக்கு, இரண்டாவதும் தங்கள் உரிமை என்பதே தெரிவதில்லை.

தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம்

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், ஆணோ பெண்ணோ, போக்சோ சட்டம் பொருந்தும். 2020-ம் ஆண்டின் போக்சோ விதிகளில் 9-வது விதி மிக முக்கியமானது. எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு, எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். நீதிமன்றம் தானாகவும் செய்யலாம். குழந்தையின் சார்பில் மனு போட்டும் கேட்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், அவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல் போனாலும்கூட, குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்தது உண்மை என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. மருத்துவச் செலவு, படிப்பு தடைப்பட்டது, மன பாதிப்பு எல்லாமே கணக்கில் வரும். உத்தரவு கிடைத்த 30 நாள்களுக்குள் மாநில அரசு பணத்தைக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018-ம் ஆண்டுத் திட்டத்தில், பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரையும், கூட்டு வன்கொடுமைக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் இந்த வரம்பு 50 சதவிகிதம் உயரும். போக்சோ நீதிமன்றங்கள் இதை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நிர்வாகத்தின் மீது வழக்கு போட முடியுமா?

முடியும். மேலே சொன்னது அரசு தரும் பணம். சம்பவம் நடந்த நிறுவனத்திடம் கேட்பது வேறு வழி. தனியார் பள்ளி, விடுதி, காப்பகம் என்றால் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்கு போடலாம். அரசு நிறுவனம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலமும் இழப்பீடு கேட்கலாம்.

'அது அந்த ஊழியர் செய்த தனிப்பட்ட தவறு, எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்பதுதான் நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஹவுரா ரயில்வே யாத்ரி நிவாஸில், ரயில்வே ஊழியர்கள் உட்பட சிலரால் வங்கதேசப் பெண் ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், ரயில்வேயும் இதைத்தான் சொன்னது. 2000-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. கொல்கத்தா வழக்கறிஞர் சந்திரிமா தாஸ் போட்ட வழக்கு அது.

தனியார் பள்ளிக்கும் இதே பொறுப்பு உண்டு. ஆசிரியர்களோடு சுற்றுலா போன 14 மாணவர்கள் 1995-ல் பியாஸ் நதியில் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது பாலியல் வழக்கு அல்ல. ஆனால், ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமும் பொறுப்பு என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

பள்ளிக்குள் நடந்தது என்பதற்காக மட்டும் சிவில் வழக்கில் தானாக ஜெயித்துவிட முடியாது. ஊழியரின் பின்னணியை விசாரிக்காமல் வேலைக்கு எடுத்தது, முன்பே வந்த புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டது போன்ற அலட்சியங்களைக் காட்ட வேண்டியிருக்கும். எனவே, நிர்வாகத்துக்குக் கொடுத்த புகார்க் கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ், கவுன்சலிங் பில், கட்டண ரசீது, எஃப்.ஐ.ஆர் நகல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைப் போலீஸுக்குத் தெரிவிக்காத நிர்வாகிக்கு, போக்சோ சட்டத்தின் 21-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு.

21 வயது... மறக்கக் கூடாத கெடு!

இத்தகைய நஷ்டஈடு வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள்தான் அவகாசம். பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால், 18 வயது முடிந்ததிலிருந்து அந்த 3 ஆண்டுகள் கணக்காகும். அதாவது, 12 வயதில் நடந்த கொடுமைக்கு 21 வயதுக்குள் சிவில் வழக்கு போட்டாக வேண்டும். அதற்கு முன்பே, மைனராக இருக்கும்போதே, பெற்றோரோ காப்பாளரோ குழந்தையின் சார்பில் வழக்கு போடலாம்.

போக்சோ குற்றத்துக்குப் புகார் கொடுக்க இப்படி வயது வரம்பு கிடையாது. 30 வயதிலும் புகார் கொடுக்கலாம். ஆனால், அப்போது நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கான காலம் கடந்திருக்கும். நடந்ததை வாய்விட்டுச் சொல்லவே பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது என்பதை உணர்ந்து, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 55 வயது வரை சிவில் வழக்கு போட அனுமதித்தது. இந்தியாவில் அப்படி ஒரு மாற்றம் இன்னும் வரவில்லை.

கல்லூரி மாணவிகளுக்கு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு...

கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம் எல்லாமே 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். காரணம் சரியாக இருந்தால் மேலும் 3 மாதங்கள் அவகாசம் கிடைக்கும். புகார் நிரூபணமானால், குற்றம் செய்தவரின் சம்பளத்தில் பிடித்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கும்படி குழு பரிந்துரைக்கலாம். போலீஸ் புகாருக்கு இது தடையல்ல.

'பேசி முடிச்சுக்கலாம்' என்று வந்தால்?

பள்ளியின் பெயரைக் காப்பாற்ற, ரகசியமாகப் பணம் தருகிறோம் என்று யாராவது வீடு தேடி வரலாம். அது இழப்பீடு அல்ல. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கு, குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று ரத்து செய்யப்பட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாது என்றது. சமரசத்தைக் காட்டி இத்தகைய வழக்கை முடித்துவிட முடியாது.

நீதிமன்றம் வழியாக வாங்கும் இழப்பீட்டில் ஒளிவுமறைவு இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 'காசுக்காகத்தான் கேஸ் போட்டாங்க' என்று பேசுபவர்கள், அந்தக் குழந்தையின் கவுன்சலிங் பில்லைக் கட்டப்போவதில்லை. குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளியே வராமல் காக்கவும் சட்டம் இருக்கிறது.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அங்கே போய், 'இடைக்கால இழப்பீடு கேட்டு மனு போட வேண்டும், நிர்வாகத்தின் மீது சிவில் வழக்கு போட முடியுமா என்று பார்க்க வேண்டும்' என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

அழைக்க வேண்டிய எண்கள்

இலவச சட்ட உதவி: 15100
குழந்தைகள் உதவி எண்: 1098
பெண்கள் உதவி எண்: 181