தட்டைப்புழுவுக்கு ஊசி எப்போது?

வங்கியில் கறவை மாட்டுக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கேன். ஈரல் தட்டைப்புழுவைப் பற்றிக் கேட்டதேயில்லை. ஓய்வுக்குப்பின் காடாம்புலியூரில் என் பசு இளைத்து, தாடை வீங்கித் தொங்கியபோதுதான் தெரிந்தது.

"கோமாரிக்கு ஊசி இருக்கே, இதுக்கு இல்லையா டாக்டர்?"

"இன்னும் வரலீங்க."

இஜத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் எருமைகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மாட்டின் எதிர்ப்புப் புரதத்தையே வெட்டிப்போடும் நொதியை இந்தப் புழு சுரக்கிறது. அந்த நொதியையே தடுப்பூசியாக்கவும் முயல்கிறார்கள்.

அதுவரை என்ன செய்வது? நத்தைக்குள் வளர்ந்துதான் புழு புல்லில் ஒட்டும். அதனால் ஏரியோரப் புல்லை விட்டேன், மேட்டுப்புல்தான் அறுக்கிறேன். நத்தை தின்ன வாத்து விட்டிருக்கேன். சாணியைக் குவித்து மட்கவைக்கிறேன். சூட்டில் முட்டை சாகும்.

பசு மருந்தில் தேறியது. உங்கள் மாடு இளைத்தால், தாடை வீங்கும்வரை காத்திருக்காமல் சாணியைப் பரிசோதித்துவிடுங்கள்.